பட்டை பட்டையாய்ப் பூத்த வயல்: டச்சு மலர்வயல் ஓவியங்களுக்கு ஓர் அறிமுகம்

நெதர்லாந்தின் துலிப் வயல்களைத் தீட்டிய ஓவியம் ஒன்றை முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "நிஜமாகவே இப்படித்தான் இருக்குமா?" சிவப்பில் ஒரு பட்டை, அதை ஒட்டி மஞ்சளில் ஒரு பட்டை, அப்புறம் ஊதா, வெள்ளை. ஒன்றோடொன்று கலப்பே கிடையாது. புது ஜமுக்காளத்தை எடுத்து மண்ணில் விரித்த மாதிரி இருக்கும். ஓவியர் தன் கற்பனையில் போட்ட கோடுகள் அவை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்தக் கோடுகளைப் போட்டவர் விவசாயி. ஓவியர் வந்து நின்றபோது அவை ஏற்கெனவே தரையில் இருந்தன. சரி, அப்படியானால் ஓவியருக்கு அங்கே என்ன வேலை? அதைப் புரிந்துகொள்ள முதலில் வயலுக்குள் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். ஓவியத்துக்குப் பிறகு வருவோம்.

ஹார்லெம் நகருக்கும் லைடன் நகருக்கும் நடுவே, வடகடலோர மணல்மேடுகளின் பின்புறமாக, ஒரு குறுகலான நிலப்பகுதி தெற்கு வடக்காகக் கிடக்கிறது. ஹில்லெகோம், லிஸ்ஸே, சாசன்ஹைம் என்று வரிசையாக ஊர்கள். இந்த வட்டாரத்துக்கு டச்சு மொழியில் 'போலன்ஸ்ட்ரேக்' என்று பெயர். பூக்கிழங்குச் சீமை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். துலிப், ஹயசிந்த், டாஃபடில் எல்லாமே வெங்காயம்போல மண்ணுக்குள் உருண்டு திரளும் கிழங்கிலிருந்து முளைப்பவை.

இந்த நிலம் இயற்கையாகத் தட்டையாக இருந்ததல்ல. பழைய மணல்மேடுகளை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிச் சமப்படுத்தினார்கள். வெட்டிய மணல் ஆம்ஸ்டர்டாம் போன்ற வளர்ந்துவந்த நகரங்களுக்குப் போனது. அதைப் படகில் ஏற்றிப்போக நேர்நேராகக் கால்வாய்களை வெட்டினார்கள். மேடு போன இடத்தில் பொலபொலவென்ற மணல் நிலம் மிஞ்சியது. அதில் தண்ணீர் தேங்காது. ஆனால் கால்வாய் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி, மேல்மண்ணுக்கு அரை மீட்டர் கீழே எப்போதும் ஈரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். கிழங்கு அழுகாமல் பெருக்க இதைவிடத் தோதான மண் அபூர்வம். மணல் ஏற்றிப்போன கால்வாயிலேயே பிறகு கிழங்கு மூட்டைகளும் போயின. ஓவியங்களில் வயலுக்குக் குறுக்கே மின்னுகிற அந்த வாய்க்கால் இப்படி வந்ததுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த வயல்களில் பூ விளைச்சலே அல்ல. விற்பனைக்குப் போவது கிழங்கு.

வெங்காயம் பயிரிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூத்தண்டு விட்ட வெங்காயம் சிறுத்துப் போகும். செடி தன் சத்தைப் பூவுக்கும் விதைக்கும் கொடுத்துவிட்டால் கிழங்குக்கு மிச்சம் இருக்காது. துலிப்பிலும் அதே கணக்குத்தான். இலையுதிர் காலத்தில் கிழங்கை நடுகிறார்கள். கடுங்குளிர் தாக்காமல் வைக்கோல் போர்த்துகிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து ஹயசிந்தும் டாஃபடிலும், ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை துலிப்பும் பூக்கின்றன. பூத்ததும் விவசாயி வரிசை வரிசையாக நடந்து, நிறம் சரியாக இருக்கிறதா, வேறு ரகம் ஏதும் கலந்துவிட்டதா, நோய்கண்ட செடி உண்டா என்று பார்க்கிறார். பார்த்து முடித்ததும் பூவின் தலையைக் கொய்து எறிந்துவிடுகிறார்.

இந்த வேலைக்கு டச்சு மொழியில் 'கோப்பன்' என்று பெயர். இன்று இயந்திரம் செய்கிறது. ஓவியர்கள் அங்கே நின்ற காலத்தில் ஆட்கள் குனிந்த முதுகோடு ஒவ்வொரு பூவாகக் கிள்ளிப் போட்டார்கள். இதழ்கள் இலைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டால் அதன் வழியே பூஞ்சணம் பரவும் என்பதால் பூக்களை வரப்பிலும் வாய்க்காலோரத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். காலையில் சிவப்பாக இருந்த பாத்தி சாயங்காலம் பச்சையாகிவிடும். அப்புறம் இலை மட்டும் வெயில் வாங்கிக் கிழங்கைப் பெருக்கும். கோடையில் இலை காய்ந்ததும் தோண்டி எடுத்து, காயவைத்து, அளவு பிரித்து விற்பார்கள்.

ஆக, ஓவியர் எதை வரைய வந்தாரோ அது விவசாயிக்குக் கழிவு. என்னைப் பொறுத்தவரை மலர்வயல் ஓவியம் எதைப் பார்த்தாலும் முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். வயல் பூத்து நிற்பதே சில நாள். அதிலும் எந்தப் பாத்தியை எந்தக் காலையில் கொய்வார்கள் என்பது ஓவியர் கையில் இல்லை.

அந்தப் பட்டைகள் ஏன் அவ்வளவு சுத்தமாக ஒரே நிறத்தில் இருக்கின்றன? விதையிலிருந்து துலிப் வளர்த்தால் முதல் பூவைப் பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அதுவும் தாய்ச்செடியின் நிறத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் பெருக்குவது கிழங்கை வைத்துத்தான். தாய்க்கிழங்கின் பக்கத்தில் குட்டிக் கிழங்குகள் பிறக்கும். அவற்றைப் பிரித்து நட்டால் அச்சு அசலாக அதே செடி. ஒரு பட்டையில் இருக்கும் ஆயிரக்கணக்கான பூக்களும் ஒரே செடியின் நகல்கள். அடுத்த ரகத்தோடு கலந்துவிட்டால் விலை போகாது என்பதால் ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனிப் பாத்தியாக நடுகிறார்கள். ஜமுக்காளத்தின் கோடுகள் வந்த கதை இவ்வளவுதான்.

ஒரே ஒரு பூவும் ஒரு வயல் பூவும்

நெதர்லாந்தில் துலிப்பை வரைந்த பாரம்பரியம் மிகப் பழையது. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓவியர்கள் வரைந்தது ஜாடியில் வைத்த துலிப்பை. வயல் அவர்கள் படங்களில் இல்லை. காரணம் எளிது: அப்படிப்பட்ட வயல்களே அப்போது இல்லை. துலிப் அன்று தோட்டத்தில் ஒன்றிரண்டாக வளர்த்துக் காட்டும் அரிய பொருள். ஒரு கிழங்கின் விலை ஏறிக்கொண்டே போய், 1637 பிப்ரவரியில் சந்தை சரிந்தது என்பது பலரும் அறிந்த கதை. அத்தனை விலை கொடுத்து வாங்கும் பூவை எப்படி வரைவார்கள்? தனியாளின் உருவப்படம் போலத்தான். ஹார்லெமைச் சேர்ந்த யூடித் லெய்ஸ்டர் என்ற பெண் ஓவியர் துலிப் படத்தொகுப்பு ஒன்றுக்கு வரைந்துகொடுத்த பக்கம் இன்றும் இருக்கிறது. வெறும் தாளில் ஒற்றைப் பூ. இதழில் ஓடும் ஒவ்வொரு கீற்றும் துல்லியம். எந்த ரகம் என்று வாங்குபவர் அடையாளம் காண அந்தத் துல்லியம் தேவைப்பட்டது.

அந்தக் கீற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தீச்சுடர்போல் இதழில் ஏறும் அந்த வரிகள், பூவைத் தாக்கிய வைரஸின் வேலை என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. அன்று அதிக விலைக்குப் போனது நோயுற்ற செடி. இன்று அதே செடியை வயலில் கண்டால் விவசாயி வேரோடு பிடுங்கி எறிகிறார். ஜாடி ஓவியங்களின் துலிப் வரிவரியாகவும், வயல் ஓவியங்களின் துலிப் ஒரே நிறமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

19ஆம் நூற்றாண்டில் கிழங்கு பெருந்தொகையாக ஏற்றுமதியாகும் சரக்கானது. ஒற்றைப் பூவுக்கு மதிப்பு போய், ஒரு வயல் பூவுக்கு மதிப்பு வந்தது. 1842இல் ஹார்லெமுக்கும் லைடனுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்கள். அது இந்த வயல்களின் ஊடாகவே போகிறது. வசந்த காலத்தில் ரயிலேறியவர் யாராக இருந்தாலும் ஜன்னலில் அந்த நிறங்கள் ஓடின.

ஆனாலும் ஓவியர்கள் சட்டென்று அதன் பக்கம் திரும்பவில்லை. அன்று நாட்டின் முன்னணி நிலக்காட்சி ஓவியர்கள் தி ஹேக் நகரைச் சுற்றி இயங்கிய குழுவினர். அவர்களின் அழகு சாம்பல் நிறத்தில் இருந்தது: மழைக்கு முந்தைய வானம், ஈரமான கடற்கரை, மேய்ச்சல் நிலத்து மூட்டம். அவர்களை 'சாம்பல் குழு' என்றே அழைத்ததுண்டு. அந்தக் கண்ணுக்கு ஒரு துலிப் வயல் எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காதில் தாரை தப்பட்டை அடித்ததுபோல் இருந்திருக்கும்.

எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருவது இன்னும் இருநூறு ஆண்டு முந்தைய ஒரு படம். யாகோப் வான் ரைஸ்டால் 1670களில் ஹார்லெம் நகரை மணல்மேட்டின் மேலிருந்து பார்த்து வரைந்தார். படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வானம், பிரம்மாண்டமான மேகங்கள். தொடுவானத்தில் பெரிய தேவாலயம் சின்னதாகத் தெரிகிறது. கீழே பச்சை நிலத்தில் நீள நீளமாக வெள்ளைப் பட்டைகள். அவை வெளுக்கப் போட்ட லினன் துணிகள். மணல்மேட்டிலிருந்து ஊறிவந்த தெளிந்த தண்ணீர் துணி வெளுக்க உகந்தது என்பதால் ஹார்லெமில் அந்தத் தொழில் கொழித்தது. மேகத்தின் இடைவெளியில் இறங்கிய வெயில் அந்தத் துணிகள்மேல் விழுகிறது. அதே மணல்மேட்டின் ஓரத்தில்தான் பிறகு பூக்கிழங்கு வந்தது. வெள்ளைப் பட்டை இருந்த இடத்தில் வண்ணப் பட்டை. தட்டை நிலம், தாழ்ந்த தொடுவானம், மேலே பெரிய வானம், கீழே பட்டைகள் என்கிற படத்தின் எலும்புக்கூடு ரைஸ்டாலிடமே தயாராக இருக்கிறது.

1883, 1886

வின்சென்ட் வான்கோ 1883 வசந்தத்தில் தி ஹேக்கில் இருந்தார். முப்பது வயது. தைல வண்ணத்தைக் கையில் எடுத்தே அதிக காலம் ஆகவில்லை. அப்போது அவர் வரைந்த மலர்வயல் படம் இன்று வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பெரிய படமல்ல, ஏறத்தாழ 49க்கு 66 செ.மீ. பிற்காலத்து வான்கோவை, சுழலும் வானத்தையும் எரியும் சூரியகாந்தியையும், எதிர்பார்த்துப் போனால் ஆச்சரியப்படுவீர்கள்.

முன்னால் ஹயசிந்த் பாத்திகள் விரிகின்றன. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று செவ்வகம் செவ்வகமாக. பின்னால் புல்கூரை வீடுகள், இலை துளிர்க்காத மரங்கள், வெளிறிய வானம். மேல்பாகத்தை மட்டும் கையால் மறைக்காமல் விட்டுப் பாருங்கள்: பழுப்பும் சாம்பலும், அப்படியே தி ஹேக் குழுவின் படம். இப்போது அதை மறைத்துக் கீழ்ப்பாகத்தைப் பாருங்கள்: வேறு ஒருவர் வரைந்ததுபோல் நிறம் பேசுகிறது. இரண்டு பாகமும் ஒரே படத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் தோட்டக்காரர் போன்ற ஒருவர் மிகச் சின்ன உருவமாக இருக்கிறார். அவரை மட்டும் எடுத்துவிட்டால் வயலின் அளவே நமக்குப் பிடிபடாது. வசந்தம் இன்னும் மரத்துக்கு வரவில்லை, மண்ணுக்கு வந்துவிட்டது. ஏப்ரல் மாதத்து நெதர்லாந்தை இவ்வளவு சரியாகச் சொன்ன படங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

மூன்று வருடம் கழித்து, 1886 ஏப்ரல் கடைசியில், பிரான்சிலிருந்து ஓவியர் குளோத் மோனே வந்தார். அவர் டச்சுக்காரர் அல்ல, ஆனால் அவரைச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. தி ஹேக்கில் பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாற்றிய ஒருவர் அழைத்திருந்தார். மோனே தங்கியது இரண்டு வாரம்கூட இல்லை, அதற்குள் ஐந்து துலிப் வயல் படங்கள். அவற்றில் ஒன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது: வயலுக்கு அந்தப்பக்கம் ஒரு காற்றாலை, முன்னால் சிவப்பும் மஞ்சளுமாகத் தூரிகைக் கீற்றுகள். ஊர் திரும்பிய மோனே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த வயல்கள் அற்புதமானவை, ஆனால் பாவப்பட்ட ஓவியனைப் பைத்தியமாக்கிவிடும், நம்முடைய எளிய வண்ணங்களால் அதைக் கொண்டுவரவே முடியாது என்று அதில் சொல்லியிருந்தார். நிறத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று நாம் நினைக்கிற ஒருவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

ஏன் முடியாது? இத்தனைக்கும் அவர்கள் காலத்தில் வண்ணப் பொருள்கள் வளமாகவே இருந்தன. தகரக் குழாயில் அடைத்த தைல வண்ணம் 1841இலேயே வந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்கே போய் வரையலாம். காட்மியம் மஞ்சள், கோபால்ட் ஊதா போன்ற பளிச்சென்ற புது நிறங்களும் கிடைத்தன. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. துலிப் இதழ் ஒளியைத் தன்னூடே விடும். வெயில் பின்னாலிருந்து அடித்தால் விளக்கேற்றிய மாதிரி உள்ளிருந்து ஒளிரும். துணிமேல் பூசிய வண்ணத்துக்கு அந்த வசதி கிடையாது. என்ன பூசினாலும் அது மேற்பரப்பில் கிடக்கும்.

இன்னொரு சிக்கல், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் செய்கிற சேட்டை. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வேதியியலாளர் செவ்ரோல். கறுப்பு நூல் சரியாகச் சாயமேறவில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம் கறுப்பை மங்கலாக்கிக் காட்டியது. ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் பக்கத்து நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்று அவர் 1839இல் விரிவாக எழுதினார். மஞ்சளை ஒட்டிய ஊதா இன்னும் ஊதாவாகும், பச்சையை ஒட்டிய சிவப்பு துள்ளும். மலர்வயலில் இது ஒரே நேரத்தில் இருபது இடத்தில் நடக்கிறது. ஒரு பாத்தியின் நிறத்தைக் கொஞ்சம் கூட்டினால் அக்கம்பக்கம் இரண்டும் மாறிவிடும். எல்லாவற்றையும் கத்தவிட்டால் படம் வெறும் விளம்பரத் தட்டி ஆகிவிடும், அடக்கினால் வயலே காணாமல் போகும்.

நல்ல ஓவியர்கள் இதைச் சமாளித்த விதத்தைப் படத்தில் நேரடியாகவே பார்க்கலாம். பட்டைகளை அவர்கள் நமக்குக் குறுக்காகப் போடுவது குறைவு. சாய்வாகவோ, நம்மை விட்டு விலகிப் போவதாகவோ வைப்பார்கள். அப்போது தூரம் போகப் போகப் பட்டை ஒடுங்கி, நிறங்கள் ஒன்றோடொன்று நெருங்கி மெலிகின்றன. தட்டை நிலத்தில் ஆழத்தைக் காட்ட மலையோ மரமோ தேவையில்லை, அந்தக் கோடுகளே போதும். அப்புறம் வானம். மேகம் மூடிய நாளில் நிறங்கள் வெயிலில் வெளுத்துப் போகாமல் ஆழமாக நிற்கும், சாம்பல் வானம் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும். சாம்பல் நிறம் இங்கே மலர்வயலுக்கு எதிரி இல்லை, துணை.

ஆன்டன் கோஸ்டர்

வான்கோ ஒரு வசந்தத்தில் வந்து போனார். மோனே சில நாள் விருந்தாளி. அமெரிக்கரான ஜார்ஜ் ஹிட்ச்காக், கடலோர எக்மண்டில் தங்கி, துலிப் பாத்திகளுக்கு நடுவே ஒரு பெண் நிற்கும் பெரிய படத்தை வரைந்து 1887இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்துப் பெயர் வாங்கினார். அவர் வந்த பிறகு இந்த வயல்கள் வெளிநாட்டு ஓவியர்களின் விருப்பமான இடமாகவும் ஆயின.

ஆனால் இந்த வயல்களையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட டச்சு ஓவியர் என்றால் ஆன்டன் கோஸ்டரைத்தான் சொல்ல வேண்டும். 1859இல் பிறந்து 1937இல் மறைந்தவர். ஹார்லெம் வட்டாரத்தில் வாழ்ந்து, வசந்தம் தோறும் ஹயசிந்தும் துலிப்பும் பூத்த பாத்திகளுக்கே திரும்பிப் போனவர். உலகப் பெரும் பெயர்களின் வரிசையில் அவர் இல்லை. எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம், அவர் படங்களில் வயல் விருந்தாளியின் கண்ணுக்குத் தெரிகிற அதிசயமாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் நிலமாக இருப்பது. எந்தப் பாத்தி முதலில் பூக்கும், எது முதலில் கொய்யப்படும் என்பதை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய ஒருவரின் நிதானம் அதில் தெரிகிறது. நிறத்தை அவர் கத்தவிடுவதில்லை. தி ஹேக் குழுவின் ஈரக்காற்று அவரிடமும் உண்டு, அந்தக் காற்றுக்குள் பாத்திகள் ஒளிர்கின்றன.

இப்படிப்பட்ட படம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, முதலில் நிறத்தில் நின்றுவிடாமல் ஓரங்களைத் தேடுங்கள். ஏற்கெனவே பச்சையாகிவிட்ட பாத்தி ஏதாவது இருக்கிறதா? அங்கே கொய்து முடித்துவிட்டார்கள். குனிந்த முதுகு ஒன்று தெரிகிறதா? வாய்க்கால் கரையில் கலவையான நிறத்தில் ஒரு குவியல்? மோனே முதுமையில் அந்த டச்சு வசந்தத்தை நினைத்துப் பேசியபோது, கொய்து கொட்டிய பூக்கள் சிறு கால்வாய்களில் மிதந்ததைத்தான் சொன்னார். வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிய, அதன்மேல் மஞ்சள் தெப்பம்போல் போயினவாம். வயலில் நின்ற பூவைவிட வாய்க்காலில் போன பூ அவர் நினைவில் அவ்வளவு காலம் தங்கியிருக்கிறது.

ஹார்லெமை ஒட்டியிருந்த கிழங்கு வயல்கள் பல பின்னர் வீடுகளாகவும் தெருக்களாகவும் ஆகிவிட்டன. சாகுபடி லிஸ்ஸே, ஹில்லெகோம் பக்கமும், இன்னும் வடக்கே கடலோர மணல் நிலங்களுக்கும் போய்விட்டது. நகரத்தின் விளிம்பிலேயே ஹயசிந்த் பூத்து நின்ற அந்தப் பழைய ஹார்லெமைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று கோஸ்டர் போன்றவர்களின் படங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.